லாஸ்லெஸ்ல தான மாத்துனேன், அப்புறம் எப்படி கெட்டுச்சு? ஆன்லைன் இமேஜ் கன்வெர்ட்டர் பத்தி ஒரு ப்ரீபிரஸ் ஆளு

சிவகாசியில ஆஃப்செட் பிரஸ்ல ப்ரீபிரஸ் வேலை பாக்குறேன். பைல் வந்ததும் பிரிச்சு பாத்து, சரி பண்ணி, பிளேட்டுக்கு அனுப்புறது வரைக்கும் எங்க பொறுப்பு. காலண்டர் சீசன், கல்யாண சீசன் ரெண்டுலயும் வர்ற பைல்ல நெறைய பைல் ஏதாவது ஒரு ஃப்ரீ கன்வெர்ட்டர் சைட்டுக்குள்ள போயிட்டு வந்ததா தான் இருக்கு. என்ன அண்ணே இப்படி ஆயிருக்குன்னு போன் போட்டா வர்ற பதில் எப்பவும் ஒன்னுதான்: "டிஃப்ல இருந்து பிஎன்ஜி தான மாத்துனேன், ரெண்டும் லாஸ்லெஸ், ஒன்னும் குறையாதே". டிஃப் (TIFF), பிஎன்ஜி (PNG) ரெண்டும் படத்த சேவ் பண்ற பைல் வகை. அவர் சொல்றது தப்பில்ல, ஆனா முழுசும் இல்ல.

லாஸ்லெஸ் கம்ப்ரெஷன்னா உள்ள போன பிக்சல் நம்பர் அப்படியே வெளிய வரும், அவ்ளோதான் அது கொடுக்குற வாக்கு. ஏ4 சைஸ் 300 டிபிஐல (ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி) 2480க்கு 3508 பிக்சல், ஆர்ஜிபி (ஸ்க்ரீனோட சிவப்பு, பச்சை, நீலம்) 8 பிட்ல சுமார் 26 எம்பி வரும். பிஎம்பியில போட்டா பெரும்பாலும் அந்த 26 எம்பியும் அப்படியே உக்காந்திருக்கும், டிஃப்ல எல்இசட்டபிள்யூ இல்ல ஜிப் போட்டு சுருக்கலாம், பிஎன்ஜி தானாவே சுருக்கிக்கும், மூணையும் திறந்து பாத்தா நம்பர் ஒன்னுதான். இதுல சந்தேகமே வேண்டாம், கணக்கு சுத்தமா இருக்கும். ஆனா ஒரு இமேஜ் பைல்ல பிக்சல் நம்பர் மட்டுமா இருக்கு? அது எந்த கலர் முறையில இருக்கு, எந்த ப்ரொஃபைல் (அந்த நம்பர் நெஜத்துல எந்த கலர்னு சொல்ற குறிப்பு), எத்தன பிட், எத்தன டிபிஐ, எத்தன பக்கம், இதெல்லாம் சேந்துதான் பைல். ஒரு ஃபார்மேட்ல இருந்து இன்னொன்னுக்கு போகும்போது கம்ப்ரெஷன் எதையும் தொலைக்காது, தொலைக்கிறது மாத்துற ப்ரோக்ராம், இல்லன்னா போய்ச் சேருற ஃபார்மேட்ல அதுக்கு இடமே இருக்காது.

எங்க தொழில்ல ரொம்ப அடிபடுறது சிஎம்ஒய்கே, அதாவது சியான், மெஜன்டா, மஞ்சள், கருப்புன்னு நாலு மையில அடிக்கிற கலர் முறை, ஒவ்வொரு மைக்கும் ஒரு பிளேட். டிஃப் 1986ல ஆல்டஸ் கம்பெனி கொண்டு வந்தது, பேஜ்மேக்கர் பண்ண அதே கம்பெனி, பின்னாடி 1994ல அடோபிகிட்ட போயிடுச்சு, அதனால டிஃப் பொறந்ததே ஸ்கேனர், டிடிபி, பிரஸ் பக்கம், சிஎம்ஒய்கே அதுக்கு சர்வ சாதாரணம். பிஎன்ஜி வந்தது வேற கதை. ஜிஃப் சுருக்குற முறைக்கு பேட்டன்ட் இருக்கு, காசு கட்டணும்னு 1994 கடைசியில பிரச்சனை வந்ததும், நெட்ல இருந்தவங்க சேந்து மாத்தா ஒன்னு பண்ணாங்க, 1996ல ஸ்பெக் வெளிய வந்துச்சு. ஸ்க்ரீனுக்காக பண்ணது, கிரே இருக்கு, ஆர்ஜிபி இருக்கு, ட்ரான்ஸ்பரன்சி இருக்கு, சிஎம்ஒய்கே கிடையவே கிடையாது. அப்போ உங்க சிஎம்ஒய்கே டிஃப்ப பிஎன்ஜி ஆக்குனா அது ஆர்ஜிபி ஆகித்தான் தீரணும், வேற வழி இல்ல, சைட்டுல எவ்ளோ பெரிய எழுத்துல லாஸ்லெஸ்னு போட்டிருந்தாலும் சரி.

இது கைல எப்படி இடிக்கும்னு ஒரு கல்யாணப் பத்திரிகைய வெச்சு சொல்றேன். டிசைனர் சரியாத்தான் பண்ணிருக்கார், எழுத்தெல்லாம் கருப்பு 100, மத்த மூணு கலரும் 0, சிஎம்ஒய்கே டிஃப்பா சேவ் பண்ணியாச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரர் போன்ல டிஃப் ஓபன் ஆகல. அவர் ஒரு சைட்டுல போட்டு பிஎன்ஜி ஆக்கி பாத்துட்டு, நல்லா இருக்குன்னு அதையே பிரஸ்ஸுக்கு ஃபார்வேர்ட் பண்றார், பிரஸ்ஸுக்கு டிஃப் தான் வேணும்னு யாரோ சொன்னாங்கன்னு திரும்பவும் டிஃப் ஆக்கி. இங்க வந்து அதை சிஎம்ஒய்கே ஆக்கும்போது என்ன ஆகுது? போட்டோஷாப்ல பழைய ஸ்வாப் (SWOP, அமெரிக்க பிரிண்டிங் அளவுகோல்) செட்டிங்ல வெச்சு பாத்தீங்கன்னா, கருப்பு 100ங்கிறது ஆர்ஜிபிக்கு போகும்போது 35, 31, 32 ஆகும், அதை திருப்புனா சியான் 70, மெஜன்டா 67, மஞ்சள் 64, கருப்பு 74ன்னு வந்து நிக்கும். ஸ்க்ரீன்ல பாத்தா வித்தியாசமே தெரியாது, கருப்பு கருப்பாத்தான் இருக்கும். மெஷின்ல ஏறும்போது ஒரே பிளேட்ல இருக்க வேண்டிய எழுத்து நாலு பிளேட்லயும் உக்காந்திருக்கு. ரெஜிஸ்டர், அதாவது நாலு கலரும் ஒன்னு மேல ஒன்னு சரியா உக்கார்றது, ஒரு முடி அளவு நகந்தா போதும், முகூர்த்த நேரம், ஊர் பேரு, சின்ன எழுத்து எல்லாத்துக்கும் பக்கத்துல ஒரு சிவப்பு நிழலோ நீல நிழலோ விழும், "ஸ்ரீ"யோட வளைவு, "ணி"யோட கொக்கி எல்லாம் அடைச்சுக்கும். மெஷின்மேன் எங்கள திட்டுவார், பார்ட்டி மெஷின்மேன திட்டுவார், கன்வெர்ட்டர் சைட்ட யாரும் திட்ட மாட்டாங்க.

இத கண்டுபிடிக்கிறது கஷ்டமே இல்ல. போட்டோஷாப்ல சேனல்ஸ் பேனல திறந்து சியான மட்டும் கிளிக் பண்ணுங்க, எழுத்து தெரிஞ்சா பைல் எங்கயோ ஆர்ஜிபிக்குள்ள போயிட்டு வந்திருக்குன்னு அர்த்தம். கருப்பு சேனல்ல மட்டும் எழுத்து இருந்து மத்த மூணுலயும் அந்த இடம் வெள்ளையா இருக்கணும்.

அடுத்து ப்ரொஃபைல். அடோபி ஆர்ஜிபில எடுத்த போட்டோ, பிக்சல் நம்பர் எல்லாம் பத்திரமா வந்திருக்கும், ஆனா கன்வெர்ட்டர் சைட் பைல் சைஸ் குறையட்டும்னு ப்ரொஃபைல கழட்டி விட்டிருக்கும். பீரோ வந்து சேந்துருச்சு, சாவிய காணோம்ங்கிற கதை. ப்ரொஃபைல் இல்லாத பைல பெரும்பாலான சாப்ட்வேர் எஸ்ஆர்ஜிபின்னு (கலர் எல்லை கொஞ்சம் சின்னதா இருக்குற இன்னொரு ப்ரொஃபைல்) எடுத்துக்கும், பட்டுப்புடவை சிவப்பு வெளுத்துப்போய் தெரியும். பிஎன்ஜிலயும் சரி டிஃப்லயும் சரி ப்ரொஃபைல் வைக்க இடம் இருக்கு, வைக்காம விடுறது அந்த ப்ரோக்ராம் செய்யுற வேலை. இது நடந்திருந்தா பதற வேண்டாம், அசைன் ப்ரொஃபைல் போயி பழைய ப்ரொஃபைல போட்டா கலர் திரும்பி வந்துரும், ஆனா எந்த ப்ரொஃபைல்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கணும்.

டிபிஐ கதையும் இதே தான், ஆனா இதுக்கு பயப்படவே தேவையில்ல. பிஎன்ஜி உள்ள இஞ்ச் கணக்கு கிடையாது, மீட்டருக்கு எத்தன பிக்சல்னு தான் எழுதி வெக்கும், 300 டிபிஐன்னா 11811. நெறைய சைட் இத அழிச்சுரும், அப்போ 72 டிபிஐன்னு திறக்கும், ஏ4 பக்கம் 34 இஞ்ச் அகலத்துக்கு ஃபிளெக்ஸ் போர்டு மாதிரி நிக்கும். இமேஜ் சைஸ் போயி ரீசாம்பிள் டிக்க எடுத்துட்டு 300 அடிச்சா முடிஞ்சது. டிக்க எடுக்காம ஏ4 ஆக்குறேன்னு இழுத்தா தான் பிக்சல் நிஜமாவே காலி.

16 பிட் பைல் விஷயம் ஒரு வரியில சொல்லிடுறேன், ஒரு கலருக்கு 65536 படி இருக்குறது 8 பிட் ஆனா 256 படி ஆயிரும், காலண்டர் போட்டோவுல வானம் பட்டை பட்டையா விழுறதுக்கு இதுவும் ஒரு காரணம். பிஎன்ஜி 16 பிட் தாங்கும், வெப்பி (WebP, வெப்சைட்டுக்கான இன்னொரு பட பைல் வகை) தாங்காது, 8 பிட் தான்.

இன்னொன்னு, பத்திரம், பட்டா, பழைய ரெஜிஸ்டர் எல்லாம் ஸ்கேன் பண்ணி ஒரே டிஃப்ல பல பக்கமா வெச்சிருப்பாங்க. பிஎன்ஜில பக்கம்ங்கிறதே கிடையாது, ஒரு படம் தான். சில சைட் ஒவ்வொரு பக்கத்தையும் தனி பைலா கொடுக்கும், சிலது முதல் பக்கத்த மட்டும் கொடுத்துட்டு கம்முனு இருந்துரும். மாத்துனதுக்கு அப்புறம் ஒரிஜினல டெலீட் பண்றதுக்கு முன்னாடி பக்கத்த எண்ணுங்க, தயவு செஞ்சு.

பேர பாத்து நம்பவும் கூடாது. டிஃப்னு பேர் இருந்தாலும் உள்ள ஜேபெக் முறையில சுருக்கி வைக்க முடியும், வெப்பியிலயும் லாஸ்ஸி (கொஞ்சம் விவரத்த தொலைச்சு சுருக்குறது), லாஸ்லெஸ் ரெண்டு வகையும் உண்டு, ரெண்டுக்கும் பைல் பேர் கடைசியில .webp தான். சைட்டுல குவாலிட்டி 80, 90ன்னு ஒரு ஸ்லைடர் இருந்தா உஷாராயிடுங்க, அது பெரும்பாலும் லாஸ்ஸி. பிஎன்ஜிக்கு 0ல இருந்து 9 வரைக்கும் கம்ப்ரெஷன் லெவல் கேட்டா அது வேற, நேரமும் சைஸும் தான் மாறும், படம் மாறாது. அப்புறம் வாட்ஸ்அப்ல வந்த ஜேபெக்க பிஎன்ஜி ஆக்கி "ஹெச்டி ஆக்கிட்டேன்"னு அனுப்புறவங்களுக்கு: பைல் தான் நாலஞ்சு மடங்கு வீங்கியிருக்கு, உள்ள இருக்குற கட்டம் கட்டமான கறை அப்படியே இருக்கு, இப்ப அத துல்லியமா பாதுகாத்து வெச்சிருக்கீங்க. ஒரிஜினல் போன்ல இருந்தா டாக்குமென்ட்டா அனுப்ப சொல்லுங்க.

சரி, இப்ப சொல்லப்போறது பிரிண்ட் சம்பந்தப்பட்டது இல்ல, ஆனா எனக்கு இதுதான் ரொம்ப கவலை. மாத்துறதுக்காக ஆதார், பான், கையெழுத்து, கம்பெனி சீல், மார்க்கெட்டுக்கு இன்னும் வராத லேபிள் டிசைன் எல்லாத்தையும் முன்ன பின்ன தெரியாத சர்வர்ல ஏத்துறாங்க. ஒரு மணி நேரத்துல அழிச்சுருவோம், 24 மணி நேரத்துல அழிச்சுருவோம்னு எழுதியிருப்பாங்க, அழிச்சாங்களான்னு நீங்களோ நானோ பாக்க வழி இல்ல. போட்டோவுல லொகேஷன் இருந்தா அதுவும் சேந்து போகுது. பைல் திரும்ப வர்ற பக்கமும் ஆபத்து இருக்கு. அமெரிக்காவுல எஃப்பிஐயோட டென்வர் ஆபீஸ் 2025 மார்ச்ல இதுக்குன்னே எச்சரிக்கை விட்டுச்சு: ஃப்ரீ கன்வெர்ட்டர்னு சொல்லி பைல மாத்தியும் கொடுக்குறாங்க, கூடவே மால்வேரும் ஏத்துறாங்க, ஏத்துன பைல்ல இருந்து தகவலையும் உருவுறாங்கன்னு. மாத்துன பைல் நெஜமாவே வேலை செய்யுறதால யாருக்கும் சந்தேகம் வராது, அதுதான் இதுல வில்லங்கம். பிஎன்ஜி கேட்டதுக்கு ஜிப்போ இன்ஸ்டாலரோ இறங்குச்சுன்னா திறக்காதீங்க, பச்சை கலர்ல பெருசா மின்னுற டவுன்லோட் பட்டன் பாதி நேரம் விளம்பரம். ஆதார் தான் குடுத்தே ஆகணும்னா கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியுற மாஸ்க்டு ஆதார் யுஐடிஏஐ சைட்லயே எடுக்கலாம், நிறைய இடத்துல அது போதும்.

எல்லா ஆன்லைன் கன்வெர்ட்டரும் மோசம்னு சொல்லல. ஸ்க்வூஷ் மாதிரி சிலது பிரவுசர் உள்ளயே, உங்க மெஷின்லயே மாத்தும், பைல் எங்கயும் போகாது. ஒரு சைட் அந்த ரகமான்னு பாக்க சுலபமான வழி, பேஜ் முழுசா லோட் ஆனதும் வைஃபைய ஆஃப் பண்ணிட்டு ஒரு சும்மா படத்த போட்டு பாருங்க, அப்பவும் மாத்துச்சுன்னா வேலை உங்க கம்ப்யூட்டர்ல தான் நடக்குது. மாத்தலன்னா படம் பெரும்பாலும் வெளிய தான் போகுது. வெப்சைட் பேனர், ஸ்க்ரீன்ஷாட், லோகோன்னு ஏற்கனவே ஆர்ஜிபில இருக்குறத மாத்த இது தாராளமா போதும்.

மத்ததுக்கு ஆஃப்லைன் தான் சரி, அதுவும் காசு இல்லாமலே. இர்ஃபான்வியூ சொந்த உபயோகத்துக்கு இலவசம், எக்ஸ்என் கன்வெர்ட்ல நூறு பைல ஒரே தடவைல தள்ளலாம், கமாண்ட் அடிக்க தெரிஞ்சவங்களுக்கு இமேஜ்மேஜிக். விண்டோஸ் பெயின்ட் கூட டிஃப், பிஎன்ஜி, பிஎம்பி மூணையும் சேவ் பண்ணும், ஆனா பிரஸ்ஸுக்கு போற சிஎம்ஒய்கே பைல அதுல திறந்து சேவ் மட்டும் பண்ணிடாதீங்க, ஆர்ஜிபி ஆயிரும். ஜிம்ப்லயும் திறந்ததும் வேலை ஆர்ஜிபில தான் நடக்கும்.

மாத்துனது சரியா வந்திருக்கான்னு சந்தேகமா இருந்தா, ரெண்டு பைலையும் போட்டோஷாப்ல ஒன்னு மேல ஒன்னு லேயரா வெச்சு மேல இருக்குறத டிஃபரன்ஸ் மோடுல போடுங்க, முழுசும் கருப்பா இருந்தா ஒன்னும் மாறல. கண்ணுக்கு தெரியாத அளவு சின்ன வித்தியாசமும் இருக்கும்ங்கிறதால அது மேல ஒரு லெவல்ஸ் போட்டு வலது பக்க முக்கோணத்த இடது ஓரம் வரைக்கும் இழுத்து பாருங்க, ஒளிஞ்சிருக்குறது பளிச்சுனு வந்துரும். இமேஜ்மேஜிக்ல கம்பேர் கமாண்ட் மாறுன பிக்சல எண்ணியே சொல்லிரும், 0 வரணும்.

உண்மைய சொன்னா பிரஸ்ஸுக்கு வர்ற பாதி பைல மாத்தியிருக்கவே தேவையில்ல. டிஃப், பிஎஸ்டி, பிடிஎஃப் எல்லாம் நாங்க அப்படியே வாங்கிக்கிறோம், ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு கேளுங்க. பார்ட்டிக்கு போன்ல டிஃப் திறக்கலன்னா டிசைனரே ஒரு சின்ன ஜேபெக் தனியா போட்டு, பைல் பேர்லயே "ப்ரூஃப் மட்டும், பிரிண்டுக்கு இல்ல"ன்னு எழுதி அனுப்பிடுங்க, டிஃப் டிரைவ் லிங்க்ல நேரா எங்ககிட்ட வரட்டும்.