ட்ரம்பெட் கடைசியில் வரும்

1973-இல் டொனால்ட் பேர்டின் 'பிளாக் பேர்ட்' வெளிவந்தபோது ஜாஸ் விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். ஜாஸ் டிரம்மர் ஆர்ட் பிளேக்கியின் குழுவில் ட்ரம்பெட் வாசித்த மனுஷன் இப்படிக் காசுக்காகப் பாப் பக்கம் சாய்ந்துவிட்டாரே என்பது அவர்கள் குறை. ஆனால் ஆல்பம் பிய்த்துக்கொண்டு போனது. அதை வெளியிட்ட, 1939-இல் தொடங்கிய ப்ளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனம் அதுவரை எந்த இசைத்தட்டையும் அந்த அளவுக்கு விற்றதில்லை.

பெயர் பேர்டுடையது. ஒலி லாரி மிசெல், ஃபோன்ஸ் மிசெல் என்ற சகோதரர்களுடையது. லாரி, வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தவர். அப்பல்லோ திட்டத்தில் நிலவில் இறங்கிய கலத்தைக் கட்டிய கிரம்மன் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவர். ஃபோன்ஸ் அதே ஹோவர்டில் பேர்டிடமே இசை படித்தார். பிறகு மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில், ஜாக்சன் ஃபைவ் பாடகர் குழுவின் முதல் வெற்றிப் பாடல்களை எழுதித் தயாரித்த நால்வரில் ஒருவரானார். அந்தத் தட்டுகளில் நால்வரின் தனிப்பெயரும் தயாரிப்பாளர் இடத்தில் இருக்காது. 'தி கார்ப்பரேஷன்' என்று மட்டும் போட்டிருக்கும். எழுதுகிறவர்கள் நட்சத்திரமாகிவிட்டால் சமாளிப்பது கஷ்டம் என்று முதலாளி பெர்ரி கோர்டிக்கு அதற்குள் அனுபவம் இருந்தது.

மிசெல் சகோதரர்கள் செய்த முக்கியமான காரியம், வேலையின் வரிசையை மாற்றியது. பழைய ப்ளூ நோட் பதிவுகளில் ஐந்தாறு பேர் ஒரே அறையில் நின்று ஒன்றாக வாசிப்பார்கள். ட்ரம்பெட் எங்கே போகிறதோ அங்கே டிரம்ஸ் திரும்பும். மிசெல் முறையில் முதலில் டிரம்ஸ், பேஸ், கீபோர்டு, கிட்டார் என்று அடித்தளம். அப்புறம் சின்தசைசர், குரல்கள். தனி வாசிப்பு எல்லாம் தயாரான பிறகு, மேலே. புல்லாங்குழல் கலைஞர் பாபி ஹம்ஃப்ரியின் 1973 ஆல்பத்திலும் இதே கதைதான். எழுதிய மெட்டு எதுவும் கையில் கொடுக்காமல், தயாரான டிராக்கை ஓடவிட்டு அதன்மேல் வாசிக்கச் சொன்னார்கள்.

இதற்கு வழி செய்த கருவி மல்டிடிராக் டேப். ஒரே நாடாவில் பக்கம் பக்கமாகத் தனித்தனித் தடங்கள். ஒன்றைக் கேட்டுக்கொண்டே இன்னொன்றில் பதியலாம். சொல்லும்போது எளிது, செய்யும்போது ஒரு சிக்கல் உண்டு. டேப் இயந்திரத்தில் பதிவு செய்யும் ஹெட் (நாடா உரசிச் செல்லும் காந்த முனை) ஒன்று, திருப்பி ஒலிக்கும் ஹெட் வேறு, இரண்டுக்கும் நடுவே சிறிது இடைவெளி. அது நான்கு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாடா நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடினால், நாடாவின் ஒரு புள்ளி ஒரு ஹெட்டிலிருந்து அடுத்ததற்குப் போகப் பத்தில் ஒரு நொடி ஆகும். வாசிப்பவர் பழைய தடத்தைக் கேட்டுச் சரியாகவே வாசித்தாலும், புதிய தடம் அவ்வளவு தாமதமாக விழும். ஆம்பெக்ஸ் நிறுவனம் ஐம்பதுகளில் இதைத் தீர்த்தது: பழைய தடங்களைப் பதிவு ஹெட்டின் வழியாகவே கேட்க வைத்தது. ஒலித்தரம் கொஞ்சம் மங்கும், ஆனால் காலம் பிசகாது.

பத்தில் ஒரு நொடிக்கு இவ்வளவு அலட்டலா என்று தோன்றலாம். நிமிடத்துக்கு 100 தாள அடி வேகம் என்றால் ஓர் அடிக்கு 600 மில்லி நொடி. ஃபங்க் தாளம் ஓடுவது அதன் நான்கில் ஒரு பங்கில், அதாவது 150 மில்லி நொடி இடைவெளியில். அதில் 100 மில்லி நொடி பிசகினால் தாளமே இல்லை. ஹார்வி மேசன் போன்ற டிரம்மர் வேண்டுமென்றே ஓர் அடியைச் சற்றுப் பின்னால் தள்ளிப் போடுவது இதைவிட மிகச் சிறிய அளவில் நடக்கிற விஷயம். உடம்பை ஆட வைப்பது அந்தச் சிறு தள்ளல்தான். அது நாடாவில் அப்படியே நிற்க வேண்டும்.

அடுத்தது இடப் பங்கீடு. காதுக்குள் நத்தை வடிவ உறுப்பில் ஒரு நீண்ட சவ்வு இருக்கிறது. ஒலி நுழையும் வாசலருகே உயர்ந்த சுருதிகள் பதிகின்றன, உள்ளே போகப் போகத் தாழ்ந்த சுருதிகள். ஆகவே ஒரு பேஸ் ஒலி தன் இடத்துக்குப் போகும் வழியில் உயர்சுருதிப் பகுதியையும் அசைத்துவிட்டுத்தான் போகும். தடித்த கீழ் ஒலி மேல் ஒலியை எளிதாக மூடிவிடுவதற்கும், திருப்பி அந்த அளவுக்கு நடக்காததற்கும் காரணம் இதுதான். பத்துக் கருவிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறவர் இதைக் கவனிக்காவிட்டால் மிஞ்சுவது கூழ். மிசெல் பதிவுகளில் சக் ரெய்னி போன்றவர்களின் பேஸ் கீழே தெளிவாக நடக்கிறது. கிட்டார் நீட்டி முழக்காமல் வெட்டி வெட்டி வருகிறது. வா-வா பெடல் அதன் அதிர்வெண் வட்டாரத்தை நொடிக்கு நொடி நகர்த்துகிறது. நடுவில் கிடைக்கும் வெற்றிடத்தில் ட்ரம்பெட் கத்தாமலே கேட்கிறது.

எனக்குப் பிடித்தது குரல்கள். தேர்ந்த பாடகர்களை வரவழைக்காமல் சகோதரர்களும் நண்பர்களுமே ஒரே மெட்டை ஒன்றாகப் பாடினார்கள். ஒருவர் 440 ஹெர்ட்ஸிலும் இன்னொருவர் 442-இலும் பாடினால், ஒலி நொடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். பலர் பாடும்போது இந்த அலைகள் ஒன்றோடொன்று கலந்து மிதக்கிற மாதிரி ஒரு தன்மை வருகிறது. ஆட்டோ-டியூன் போட்டு நேராக்கியிருந்தால் அது செத்துப்போயிருக்கும். விமர்சகர்கள் ட்ரம்பெட்டில் பழைய பேர்டைத் தேடினார்கள். கேட்க வேண்டியது அதற்குக் கீழே இருந்தது.

அதைக் கேட்டவர்கள் ஹிப்-ஹாப்காரர்கள். பேர்டின் 'திங்க் ட்வைஸ்', 'விண்ட் பரேட்' இரண்டும் தொண்ணூறுகளில் புதிய பாடல்களுக்காகச் சாம்பிள்களாக, அதாவது ஒலித் துண்டுகளாக, வெட்டி எடுக்கப்பட்டன. இப்படி வெட்டிய துண்டுகளைப் பதிந்து திருப்பி ஒலிக்கும் கருவியான, 1987-இல் வந்த எஸ்பி-1200 சாம்பிளர் மொத்தமே பத்து நொடி ஒலியைத்தான் நினைவில் வைக்கும். அதனால் நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய தட்டை 45 சுற்றில் ஓட்டிப் பதிந்து, பிறகு கருவியில் வேகத்தைக் குறைப்பார்கள். பத்து நொடி பதின்மூன்றரை நொடி ஆகும், விலையாகக் கொஞ்சம் கரகரப்பு. இந்த வெட்டலுக்கு மிசெல் அடித்தளம் கனகச்சிதமாகப் பொருந்தியது. ஏற்கெனவே சுழன்று சுழன்று வருவது, தனி வாசிப்பு நுழையாத இடைவெளிகள் நிறைந்தது.

ஒரு சாம்பிளுக்கு இரண்டு உரிமைகள் உண்டு. ஒன்று பாடலை எழுதியவருடையது, மற்றொன்று பதிவின் சொந்தக்காரருடையது. லாரி பல பாடல்களை எழுதியவர் என்பதால் அவர் பெயர் புதிய பாடல்களின் எழுத்தாளர் பட்டியலில் ஏறியது. பதிவு நிறுவனத்துக்குப் பங்கு போனது. அந்தத் தாளத்தை உண்மையில் அடித்த ஸ்டூடியோ கலைஞர்களுக்கு வழக்கமாகக் கிடைத்தது, அன்றைக்கு வந்து வாசித்ததற்கான கூலி மட்டும்தான்.