சிவப்புப் புள்ளி சிதறித் தெரிகிறதா? சைட்டைத் திருப்பி அனுப்பும் முன் ஓட்டை வழியாக ஒரு முறை பாருங்கள்

டெக்சஸ் மாநிலத்தின் ஹில் கன்ட்ரிப் பகுதியில், ஒரு சிறு ஊரில் ஆப்டோமெட்ரிஸ்டாக இருக்கிறேன். இங்கே வெள்ளைவால் மான் வேட்டைக்கான பொதுப் பருவம் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும். காட்டுப்பன்றிக்குப் பருவமே கிடையாது, ஆண்டு முழுவதும் சுடலாம். அதனால் என்னிடம் கண் காட்ட வருபவர்களில் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் நிறைய. செப்டம்பர், அக்டோபர் வந்தால் ஒரே புகாரைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்: "புதிதாக ரெட் டாட் சைட் வாங்கினேன். புள்ளி உருண்டையாகவே இல்லை. மட்டமான சரக்கு போல." ரெட் டாட் சைட் என்பது குறி பார்க்க ரைஃபிளின் மேல் மாட்டும் சிறு கருவி. அதன் கண்ணாடி ஜன்னலில் தெரியும் சிவப்புப் புள்ளியை இலக்கின் மேல் வைத்துச் சுடுவார்கள்.

ஒருவருக்கு அது கமா மாதிரி தெரியும். இன்னொருவருக்குத் திராட்சைக் குலை. வேறொருவருக்கு மத்தாப்பு. இரண்டு முறை மாற்றி வாங்கி, மூன்றாவதும் அப்படியே இருந்த பிறகுதான் கண்ணைப் பற்றி யோசித்தவர்களும் உண்டு.

ஐம்பதை நெருங்கும் ஒரு பண்ணைக்காரர் வந்தது நினைவிருக்கிறது. ரைஃபிளை வீட்டிலேயே விட்டுவிட்டு, சைட்டை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தார். எல்லோரிடமும் நான் அப்படித்தான் சொல்வேன், துப்பாக்கி கிளினிக்குக்குள் வேண்டாம். கழற்றி மாட்டினால் குறி நகரக்கூடும், மறுபடி ரேஞ்சில் சுட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவேன். விளக்கை அணைத்து, எதிர்ச் சுவரைச் சைட் வழியாகப் பார்க்கச் சொன்னேன். "மேலே வலது பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கிறது" என்றார். சைட்டைக் கால் சுற்று திருப்பச் சொன்னேன். இழுப்பு திரும்பவில்லை. சைட்டை அசைக்காமல் தலையை மட்டும் சாய்க்கச் சொன்னேன். இழுப்பும் கூடவே சாய்ந்தது. பிறகு சோதனைக் கண்ணாடிச் சட்டத்தில் 1.25 சிலிண்டர் லென்ஸைப் போட்டு அச்சைச் சரிசெய்தேன். புள்ளி உருண்டுவிட்டது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் ஊரில் 'சிலிண்டர் பவர்' என்று சொல்வோமே, அதுதான் அஸ்டிக்மாட்டிசம். கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாமல், ஒரு திசையில் கூடுதலாக இருப்பது. 0.75 அளவு வரை இருப்பவர்கள் பலர் பகலில் கண்ணாடி இல்லாமலே சமாளித்துவிடுகிறார்கள். எழுத்து லேசாக மங்கினாலும் மூளை ஊகித்துப் படித்துவிடும். ஆனால் இருண்ட பின்னணியில் ஒரே ஒரு ஒளிப்புள்ளி என்றால் ஊகிக்க எதுவும் இல்லை. கண்ணில் உள்ள கோணல் அப்படியே புள்ளியின் வடிவமாகிவிடுகிறது.

ரெட் டாட்டில் நடப்பது இவ்வளவுதான்: சின்ன எல்.இ.டி. விளக்கின் ஒளி ஒரு வளைந்த கண்ணாடியில் பட்டு, இணைக்கதிர்களாகக் கண்ணுக்குத் திரும்புகிறது. இலக்கின் மேல் எந்த ஒளியும் விழுவதில்லை. லேசர் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது வேறு. இணைக்கதிர் என்பதால் புள்ளி வெகு தொலைவில் இருப்பது போலத் தெரியும். இலக்கையும் புள்ளியையும் இரண்டு கண்ணும் திறந்தபடி ஒரே சமயத்தில் பார்க்கலாம். அயர்லாந்தைச் சேர்ந்த ஹோவர்ட் கிரப் 1900லேயே இந்த அடிப்படையைக் கண்டுபிடித்துவிட்டார். ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் நிறுவனம் 1975இல் மின்னணுப் புள்ளியோடு விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இனி அயர்ன் சைட் விஷயத்துக்கு வருகிறேன், அதாவது பேட்டரியோ கண்ணாடியோ இல்லாத உலோகக் குறி. என்.சி.சி.யில் பாயின்ட் 22 சுட்டவர்களுக்கு பேக்சைட், ஃபோர்சைட் என்றால் புரியும். ஏ.ஆர்.15 ரக ரைஃபிளில் முன்னால் ஒரு சிறு கம்பம், பின்னால் துளை. மடக்கி வைக்கும் வகையும் உண்டு, எப்போதும் நிமிர்ந்தே நிற்கும் நிலையான வகையும் உண்டு. ரெட் டாட் மாட்டியதும் "இனி இது எதற்கு?" என்று நிலையான வகையைக் கழற்றிவிடுகிறார்கள். வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். பேட்டரி தீர்ந்தால், கண்ணாடியில் சேறு அப்பினால் உதவும் என்பது எல்லோரும் சொல்லும் காரணம். என் காரணம் வேறு. அந்தப் பின்துளை, நான் கிளினிக்கில் தினமும் பயன்படுத்தும் ஒரு சோதனைக் கருவியின் வேலையைச் செய்கிறது.

கண் பரிசோதனையில் ஒரு கண்ணை மூடிவிட்டு, இன்னொரு கண்ணுக்குத் துளையிட்ட தகட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்வோம். துளை சுமார் 1.2 மில்லிமீட்டர். அதன் வழியே மெல்லிய ஒளிக்கற்றை மட்டும் நுழைவதால் கருவிழியின் கோணல் பெரிதாகத் தலைகாட்டாது. துளை வழியே தெளிந்தால், கண்ணாடி போட்டால் சரியாகும் கோளாறு என்று அர்த்தம். ஏ.ஆர்.15 ரைஃபிளின் ஏ2 வகைப் பின்சைட்டில் இரண்டு துளைகள் உண்டு. பெரியது சுமார் 5 மில்லிமீட்டர், சிறியது 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. சிறிய துளையைத் திருப்பி வைத்து அதன் வழியே சிவப்புப் புள்ளியைப் பாருங்கள். மத்தாப்பு சுருங்கி உருண்டையானால் சைட்டில் கோளாறு இல்லை, உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் சிலிண்டர் பவர். பெரிய துளையில் பகலில் வித்தியாசம் தெரியாது. பகலில் கண்மணியே அதைவிடச் சிறிதாகத்தான் இருக்கும்.

இதைச் செய்யும்போது ரைஃபிளில் குண்டு இருக்கக் கூடாது. மேகசின் என்னும் குண்டுப்பெட்டியைக் கழற்றி, சேம்பர் என்னும் குண்டு நிற்கும் அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பிய பிறகே முகத்தருகே கொண்டுபோக வேண்டும். புள்ளியின் வெளிச்சத்தையும் குறைத்துவிடுங்கள். அதிக வெளிச்சத்தில் நல்ல கண்ணுக்கும் புள்ளி வழிந்தது போலத் தெரியும்.

சரி, துளை வழியாகத் தெளிவாகத் தெரிகிறதே, எப்போதும் அப்படியே சுடலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. துளை வெளிச்சத்தை வெட்டிவிடும், சுற்றியுள்ள காட்சியையும் குறுக்கிவிடும். டெக்சஸில் மான் வேட்டைக்கு அனுமதித்த நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரை. மான் நடமாடுவதும் அந்த மங்கிய நேரத்தில்தான். அப்போது கண்மணி விரியும், சிதறலும் கூடும். அந்த நேரத்தில் துளை வழியே பார்த்தால் மான் இருக்கும் புதரே தெரியாது, அதன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதும் தெரியாது. துளை சோதனைக்கு. சுடுவதற்குச் சரியான கண்ணாடி.

சைட்டின் உயரத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். புள்ளியும் அயர்ன் சைட்டும் ஒரே மட்டத்தில் வரும்படியும் மாட்டலாம், ரெட் டாட் ஜன்னலின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் அயர்ன் சைட் நிற்கும்படியும் மாட்டலாம். நிலையான சைட் வைத்திருப்பவர்களுக்கு நான் இரண்டாவதையே சொல்கிறேன். கம்பம் பார்வையை மறைக்காது, வேண்டும்போது முகத்தைச் சற்றுத் தாழ்த்தினால் துளை கிடைத்துவிடும். பலர் செய்யும் தவறு, சிவப்புப் புள்ளியைத் திருகித் திருகிக் கம்பத்தின் நுனியில் உட்காரவைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. இரண்டையும் தனித்தனியாகச் சுட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். அதிலும் சிதறிய புள்ளியை வைத்துச் சரிசெய்தால், இழுப்பின் எந்த மூலையை மையமாக எடுத்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது. பகலில் ஒரு மூலை, அந்தியில் இன்னொரு மூலை. 2 எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு என்னும் கோண அளவு) புள்ளி 100 கஜத்தில் சுமார் 2 அங்குலத்தை மறைக்கும். அது வால் முளைத்து இரண்டு மடங்கானால், அடிபட்ட விலங்கு சாகாமல் காட்டுக்குள் ஓடும். அதை நினைத்தால் எனக்குத் தாங்காது.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வேறு. முன்கம்பம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதால் மங்கும், ரெட் டாட்டுக்கு மாறுவதே பலர் அதனால்தான். தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில் வரும் ப்ரோக்ரெசிவ் கண்ணாடி போட்டிருந்தால் இன்னொரு சிக்கல். ரைஃபிளில் கன்னத்தைப் பதிக்கும்போது பார்வை லென்ஸின் மேல்புற மூக்கோர மூலை வழியாகப் போகும். அங்கே காட்சி வளையும். எனவே பரிசோதனைக்கு வரும்போது சுடும் பழக்கம் உண்டென்று சொல்லுங்கள், எப்படித் தலை சாய்ப்பீர்கள் என்று நடித்தே காட்டுங்கள். தூரப் பார்வைக்கு மட்டும், எளிதில் உடையாத பாலிகார்பனேட்டில், அந்த மூலையிலும் தெளிவாக இருக்கும்படி தனிக் கண்ணாடி செய்துகொள்ளலாம்.

இவை எல்லாம் துளை வழியே தெளிந்தவர்களுக்கு. துளை வழியாகப் பார்த்தும் புள்ளி தெளியவில்லை என்றால் தள்ளிப்போடாமல் வாருங்கள். அது கண்புரையாக இருக்கலாம், விழித்திரையாக இருக்கலாம். இளைஞர்கள் "ஒரு புள்ளிக்கு மூன்று புள்ளி தெரிகிறது" என்று சொன்னால், துளையில் தெளிந்தாலும் தெளியாவிட்டாலும், நான் கருவிழியின் வரைபடம் எடுக்காமல் விடுவதில்லை. கருவிழி கூம்பாகப் பிதுங்கும் கெரட்டோகோனஸ் இப்படித்தான் ஆரம்பிக்கும், கண்ணைக் கசக்கும் பழக்கம் உள்ளவர்களிடம் அதிகம். அது மேலும் முற்றாமல் தடுக்கும் கிராஸ்லிங்கிங் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2016இல் அனுமதி கிடைத்தது. சீக்கிரம் வந்தால் பார்வை மேலும் குறையாமல் நிறுத்திவைக்கலாம்.

எழுபதைத் தாண்டிய ஒருவர் மூன்று ஆண்டுகளாக மங்கலான புள்ளிக்குச் சைட்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். துளையிட்ட தகடும் அவருக்கு உதவவில்லை. புரை நன்றாக முற்றியிருந்தது. இரவில் எதிரே வரும் லாரி விளக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "வெடிக்கிற மாதிரி" என்றார். அதே கண்ணோடுதான் அவர் தினமும் பேத்தியை வண்டியில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்.