வரிசையின் கடைசி ஆள் ஏன் பின்தங்குகிறார்?

வயல்களையும் மேடுகளையும் கடந்து பல நூறு கிலோமீட்டர் போகும் நெடும்பாதை ஒன்றில், ஒரு நாளுக்கான பகுதியை மட்டும் நடக்க 15 பேர் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், முதல் ஆள் அடுத்த மேட்டின் உச்சியில் இருப்பார், கடைசி ஆள் கீழே வயல் ஓரத்தில் வந்துகொண்டிருப்பார். "அவர் மெதுவாக நடப்பவர்" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். பல நேரம் இது அநியாயமான முடிவு. எல்லோரும் ஒரே வேகத்தில் நடந்தாலும் கடைசி ஆள் பின்தங்கத்தான் செய்வார்.

முதலில் தனி ஆளின் கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் எளிய விதி ஒன்றைச் சொன்னார். நாம் பழகிய அளவுகளில் சொன்னால், 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக இன்னொரு மணி நேரம். 15 கிலோமீட்டர் பாதையில் மொத்தம் 450 மீட்டர் ஏற்றம் இருந்தால் 3 மணி 45 நிமிடம் ஆகும். இதில் ஓய்வு நேரம் சேராது.

இறக்கத்தை இந்த விதி கண்டுகொள்வதில்லை. புவியியலாளர் வால்டோ டாப்ளர் 1993-இல் தந்த சூத்திரம் அதையும் சேர்த்துக்கொள்கிறது. சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர், சுமார் 3 டிகிரி இறக்கத்தில் 6 கிலோமீட்டரை எட்டுவார். ஆனால் 10 டிகிரி இறக்கத்தில் வேகம் 4-க்கும் கீழே போய்விடும். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடித்து, பிரேக் போல வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அடுத்த நாள் படி இறங்கும்போது தொடை வலிப்பதற்கும் இதுதான் காரணம்.

சரி, இனி கூட்டத்துக்கு வருவோம். இந்தப் பாதைகளில் ஆடு மாடுகளை அடைக்கும் வேலிகள் குறுக்கிடும். மனிதர்கள் ஏறிக் கடக்க அங்கே மரப்படிகள் இருக்கும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏற முடியும். ஆளுக்கு 20 விநாடி என்றால், முதல் ஆள் கடந்து 280 விநாடி கழித்தே பதினைந்தாவது ஆள் கடப்பார். முதல் ஆள் நிற்காமல் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போனால், அதற்குள் ஏறக்குறைய 390 மீட்டர் தள்ளிப் போயிருப்பார். கடைசி ஆள் சற்று எட்டிப் போட்டு மணிக்கு 5.5 கிலோமீட்டர் நடந்தாலும், அந்த இடைவெளியை மூட முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அடுத்த வேலி வந்துவிடும்.

இந்த எட்டிப்போடும் நடைக்கு உடம்பு தரும் விலை பெரியது. நடக்கும்போது நம் உடல், ஊன்றிய கால்மேல் தலைகீழ் ஊசல் போல ஏறி இறங்குகிறது. ஏறும்போது சேரும் ஆற்றலில் ஒரு பெரும் பங்கு, இறங்கும்போது முன்னே போகப் பயன்படுகிறது. இந்தச் சேமிப்பு நமக்கு இயல்பான வேகத்தில்தான் நன்றாக நடக்கும். அதைவிட வேகமாகப் போனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் செலவாகும் ஆற்றல் கூடும். இயல்பான வேகமும் ஆளுக்கு ஆள் வேறு. அது கால் நீளத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி மாறும். 90 செ.மீ. காலுக்கு மணிக்கு 5 கிலோமீட்டர் சுகம் என்றால், 75 செ.மீ. காலுக்கு அதே சுகம் சுமார் 4.6-இல் கிடைக்கும். குட்டையான ஒருவர் கடைசியில் மாட்டிக்கொண்டால் இரண்டு சுமையும் அவர்மேல்தான் விழும்.

இதற்கு மேல் ஒரு கொடுமை உண்டு. முன்னால் போனவர்கள் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக் காத்திருப்பார்கள். கடைசி ஆள் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், "சரி, எல்லோரும் வந்தாச்சு, போகலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்படுபவருக்கு அது கிடைப்பதே இல்லை. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஓய்வு நேரத்தைக் கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் எண்ணத் தொடங்க வேண்டும்.

வேலியைத் தாண்டியதும் முதல் ஆள் அங்கேயே நின்று, எல்லோரும் கடந்த பிறகு கிளம்பினால் இடைவெளி உருவாகவே வழியில்லை. மெதுவாக நடப்பவரை முதல் ஆளுக்கு அடுத்தபடியாக விடுவதும் நல்லது. அவர் வேகமே வரிசையின் வேகமாகிவிடும். கடைசியில் பாதை தெரிந்த, தெம்பான ஒருவர் வரட்டும்.

நேரத்தையும் இதற்கேற்பத் திட்டமிட வேண்டும். மேலே சொன்ன 15 கிலோமீட்டர் பாதையில் 6 வேலிகள் இருந்தால், ஒவ்வொன்றிலும் 280 விநாடி வீதம் 28 நிமிடம் சேரும். சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் ஒரு மணி நேரம் வைத்தால் மொத்தம் 5 மணி 13 நிமிடம். தனி ஆள் கணக்கில் 3 மணி 45 நிமிடம் என்று எழுதி வைத்துக்கொண்டு மதியத்துக்கு மேல் கிளம்பினால், குளிர்காலத்தில் கடைசி சில கிலோமீட்டர்களை டார்ச் வெளிச்சத்தில்தான் நடக்க வேண்டியிருக்கும்.