கன்னத்துக்கு இரண்டு சொட்டு

பெரம்பூரிலிருந்து ஒரு பாட்டி கேட்டிருக்கிறார்: "என் மகளுக்கு 31 வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. பேத்திக்குக் குழாய் வழியாகத்தான் பால். அப்புறம் எதற்கு நர்ஸம்மா சீம்பாலைச் சிரிஞ்சில் எடுத்து, கன்னத்தின் உள்பக்கம் ரெண்டு ரெண்டு சொட்டு விடுகிறார்? வயிறு நிறையுமா?"

நிறையாது. ஒரு கன்னத்துக்கு 0.1 மில்லிதான். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றையும் முட்டிக்கொள்ளாமல் செய்யும் பக்குவம் சுமார் 34 வாரத்தில்தான் வரும். அதுவரை குழாய், வாயைக் கண்டுகொள்ளாமல் நேரே இரைப்பைக்குப் போய்விடுகிறது. சீம்பாலின் நோயெதிர்ப்புப் புரதங்கள் வாயிலும் படட்டும் என்பதுதான் டாக்டர்கள் சொல்லும் முதல் காரணம். சரி, எனக்குப் பிடித்தது மூக்கு சமாச்சாரம்.

வயிற்றுக்குள் குழந்தை பனிக்குட நீரை விழுங்கிக்கொண்டே இருக்கிறது. அம்மா சாப்பிட்டதன் வாசம் அந்த நீரிலும் ஏறும். கர்ப்பத்தின்போது அனிஸ் (கிட்டத்தட்ட நம் சோம்பு வாசம்தான்) சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளை பிரான்சில் சோதித்து, 2000இல் முடிவை வெளியிட்டார்கள். பிறந்த கையோடு அந்த வாசத்தின் பக்கம் அவை முகம் திருப்பின. மற்ற குழந்தைகளுக்கு அந்த ஆசை இல்லை.

சீம்பாலின் வாசமும் பனிக்குட நீரின் வாசத்துக்குச் சொந்தம்தான். மற்ற புலன்களின் செய்தி மூளையின் நடுவே தலாமஸ் என்ற சந்திப்பில் நின்றுதான் மூளையின் மற்ற பகுதிகளுக்குப் போகும். வாசனைக்கு அந்த வரிசை கிடையாது. அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவுக்கு நேர்வழி உண்டு. அலாரச் சத்தம், விளக்கு, குதிகாலில் ஊசி என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லாமே புதுசு. பழகிய ஒன்று அந்த வாசம் மட்டுமே.

பயமும் வலியும் கார்ட்டிசால் ஹார்மோனை ஏற்றும், உமிழ்நீரிலேயே அளந்துவிடலாம். 2009இல் ஜப்பானில், நிறைமாதக் குழந்தைகளுக்குக் குதிகாலில் குத்தும்போது பால் வாசம் காட்டினார்கள். சொந்தத் தாயின் பால் என்றால் கார்ட்டிசால் ஏறவில்லை. வேறொரு தாயின் பாலுக்கு அந்தச் செல்வாக்கு இல்லை! எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் இருப்பதுபோன்ற தாய்ப்பால் வங்கி வயிற்றுக்குப் பெரிய வரம். ஆனால் மூக்கு ஆள் பார்க்கிறது.

குறைமாதக் குழந்தைகளிடம் இது எவ்வளவு பலிக்கிறது? நடந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள், முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. சீம்பாலுக்குக் காப்புரிமை வாங்க முடியாதே, எந்த கம்பெனி பணம் போடும்? அரசுதான் போடவேண்டும் என்பது என் கட்சி.

நாமோ சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சேனை வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீரும் தெருவில் வரும் கழுதைப்பாலும் புகட்டியவர்கள். எங்கள் வீட்டிலும் நடந்ததுதான். முதலில் வாயில் தொட்டு வைக்கவேண்டும் என்ற யோசனை சரி, தொட்ட பொருள்தான் தப்பு.

பாட்டி, "இத்தனூண்டுதான் வருது" என்று மகள் அழுதால் கணக்குச் சொல்லுங்கள்: ஒரு மில்லி வந்தால் ஐந்து வேளைக்கு ஆச்சு.