'சாத்தியமான காரணம்' என்ன காரணம்?

அமெரிக்க நீதிமன்றத் தொடர் ஒன்று, தமிழ்க் குரலில். காரின் டிக்கியைத் திறக்கவைத்த போலீஸ்காரரைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தி வழக்கறிஞர் சீறுகிறார்: "உங்களிடம் சாத்தியமான காரணம் இருந்ததா?" அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக இதைக் கேட்கிறேன். டிவியை அணைத்துவிட்டேன்.

மூலத்தில் அது 'ப்ராபபிள் காஸ்': கைது செய்யவோ சோதனையிடவோ போலீசுக்கு இருக்க வேண்டிய காரணம். அது இல்லாமல் வாரண்ட் பிறப்பிக்கக் கூடாது என்கிறது, 1791 முதல் அமலில் உள்ள அமெரிக்க அரசமைப்பின் நான்காவது திருத்தம். 'ப்ராபபிள்' என்ற சொல்லின் லத்தீன் வேருக்குச் சோதித்துப் பார்ப்பது, மெய்ப்பிப்பது என்று பொருள். 'அநேகமாக' என்பதெல்லாம் பின்னால் வந்தது.

தமிழில் சாத்தியம் என்றால் நடக்கக்கூடியது, அவ்வளவுதான். என் பக்கத்து வீட்டுக்காரர் தங்கம் கடத்துவதுகூடச் சாத்தியம்தான். அதற்காக அவர் பீரோவைக் குடையலாமா?

1963-இல் கிளீவ்லாந்தில் இரண்டு பேர் மாறி மாறி ஒரே கடையின் கண்ணாடிக்குள் ஏறக்குறைய பன்னிரண்டு முறை எட்டிப் பார்த்தார்கள். கொள்ளைக்கு நோட்டம் என்று நினைத்த துப்பறிவாளர் மெக்ஃபேடன் அவர்களை நிறுத்தி, உடுப்பின் மேலே தடவிப் பார்த்தார், துப்பாக்கி இருந்தது. கைது செய்யும் அளவுக்குக் காரணம் இல்லாவிட்டாலும், ஆயுதம் இருக்குமோ என்ற நியாயமான சந்தேகம் இருந்தால் உடுப்பின் மேலே தடவிப் பார்க்கலாம் என்று 1968-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது, நியாயமான சந்தேகம் கீழே உள்ள படி. 'ப்ராபபிள் காஸ்' அதற்கு மேலே உள்ள படி. 'சாத்தியமான' என்று போட்டால் மேலே உள்ள படி கீழே போய்விடுகிறது.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'நிகழ்தகவுக் காரணம்' என்கிறார். பிளஸ் டூ கணக்குப் புத்தகம் நினைவுக்கு வருகிறது. மேரிலாந்தில் ஒரு கார்: முன்பெட்டியில் 763 டாலர், பின்சீட்டில் ஐந்து கொகெய்ன் பொட்டலங்கள், உள்ளே மூன்று பேர். யாருடையது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூவரையும் பிடித்தார்கள். அவர்களில் ஒருவரின் கைது செல்லும் என்று 2003-இல் தீர்ப்பளித்த அதே உச்ச நீதிமன்றம், 'ப்ராபபிள் காஸ்' என்பதைச் சதவீதத்தில் அளக்க முடியாது என்றும் சொல்லிவிட்டது. பிறகு நிகழ்தகவுக்கு அங்கே என்ன வேலை?

'நம்பத்தகுந்த காரணம்' பரவாயில்லை. ஆனால் அது நேற்று ஆபீசுக்கு ஏன் வரவில்லை என்பதற்குச் சொல்வது போல இருக்கிறது. இங்கே காரணத்தையா நம்புகிறோம்? குற்றம் நடந்திருக்கிறது, தடயம் இந்த இடத்தில் இருக்கிறது என்று நம்புவதற்குக் காரணம் வேண்டும்.

என் ஓட்டு 'போதிய முகாந்திரம்' என்பதற்கு. "வழக்குப் பதிய முகாந்திரம் இல்லை" என்பது செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் புரியும். பூர்வாங்க ஆதாரம் என்ற பொருளிலும் அது புழங்குகிறதே என்றால், அதற்குத்தான் 'போதிய'. வடசொல் என்று நண்பர் முகம் சுளிப்பார். சாத்தியம் மட்டும் என்ன, கீழடியில் கிடைத்ததா?

இதே மொழிபெயர்ப்பாளர்கள்தான் வாரண்ட் என்று எங்கே வந்தாலும் 'பிடியாணை' என்று போட்டுவிடுகிறார்கள். வீட்டைச் சோதனையிடும் வாரண்டும் பிடியாணையாம். வீட்டை யார் பிடித்துக்கொண்டு போவது?