அருகம்புல் பச்சை, ரோஜா மஞ்சள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். "சார், நானும் எங்க அக்காவும் ஒரே நாள், ஒரே நர்சரியில ஒட்டு ரோஜா வாங்கினோம். அக்கா வீடு ஒற்றப்பாலம். அவங்க செடி ஜன்னலைத் தொட்டுடுச்சு. என்னுது ரெண்டு வருசமா முழங்காலைத் தாண்டலை. டிஏபி வெச்சாச்சு, முட்டை ஓடு போட்டாச்சு, துருப்பிடிச்ச ஆணி நாலு புதைச்சாச்சு. பயந்துபோய் காலையும் சாயங்காலமும் போர் தண்ணி ஊத்தறேன். மாமியார் கண்ணு பட்டுடுச்சுன்னு சொல்றாங்க." கூடவே ஒரு படம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடியிலிருக்கும் பழைய இலைகள் ஓரளவு பச்சை. நுனியில் புதிதாக வந்தவை எலுமிச்சம்பழத் தோல் நிறம். நரம்புகள் மட்டும் பச்சைப் பேனாவால் கோடு இழுத்த மாதிரி. இதைவிட முக்கியமான ஒன்று செடியின் தூரில் இருந்தது. அங்கே முளைத்திருந்த அருகம்புல் பச்சைப் பசேலென்று நின்றது. திருஷ்டி பட்டிருந்தால் புல்லின் மேலும் கொஞ்சம் பட்டிருக்க வேண்டாமா?

வழக்கமான காரணங்களை ஓட்டமாகப் பார்த்துவிடலாம். ரோஜாவுக்குத் தினம் ஆறு மணி நேர வெயில் வேண்டும். அவர் வீட்டு வாசல் கிழக்குப் பார்த்தது, குறையில்லை. ஒட்டுக்குக் கீழே இருந்து காட்டுச்செடிக் கிளை எழும்பிச் சத்தைத் தின்றால் மேல்செடி குன்றும். படத்தில் அப்படி எதுவும் இல்லை. கவாத்து செய்கிறார். எரு போடுகிறார். மிச்சமிருப்பது அந்த மஞ்சள்தான்.

தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் முதலில் மஞ்சளாவது பழைய இலை. செடி அதிலிருந்து தழைச்சத்தை உருவிக் குருத்துக்கு அனுப்பிவிடும். இரும்பு அப்படி நகராது. ஓர் இலைக்குள் போனது பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். அதனால் இரும்பு கிடைக்காத செடியில் குருத்துதான் முதலில் வெளுக்கும். பச்சையத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பது மக்னீசியம். ஆனால் அந்தப் பச்சையத்தைச் சமைக்கும் வேலைக்கு இரும்பு இல்லாமல் முடியாது. பச்சையம் குறைந்தால் உணவு குறையும், உணவு குறைந்தால் செடி குள்ளம். 1840-களிலேயே பிரான்ஸில் யூசேப் கிரி என்பவர் வெளுத்த செடிகளுக்கு இரும்பு உப்பைக் கொடுத்துப் பச்சையை மீட்டுக் காட்டினார்.

அப்படியானால் மண்ணில் இரும்பு இல்லையா? இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. பூமியின் மேலோட்டு எடையில் சுமார் 5 சதவீதம் இரும்பு. பத்துக் கிலோ மண் பிடிக்கும் ஒரு தொட்டியில் நூறு கிராமாவது இருக்கும், ஒரு சின்னத் திண்டுக்கல் பூட்டு செய்யலாம். ரோஜாவுக்கு அதில் மில்லிகிராம் கணக்கில்தான் தேவை. அதுவும் கிடைக்கவில்லை.

காற்றுப் புகும் மண்ணில் இரும்பு ஃபெர்ரிக் வடிவில், அதாவது துருவாக இருக்கும். துரு கரைய அமிலம் வேண்டும். ஓர் இரும்பு அயனியைத் துருவிலிருந்து பிரித்தெடுக்க மூன்று ஹைட்ரஜன் அயனிகள் செலவாகும். புளிப்பை அளக்கும் எண் பி.எச்.; எண் ஏற ஏறப் புளிப்பு குறையும். பி.எச். அளவு ஒன்று ஏறினால் ஹைட்ரஜன் அயனி பத்தில் ஒரு பங்காகக் குறையும் என்பது பள்ளிப் பாடம். மூன்று அயனி தேவை என்பதால் பத்தைப் பத்தால் பெருக்கி, மறுபடி பத்தால் பெருக்க வேண்டும். பி.எச். ஒரு படி ஏறும்போது கரைந்து தனியே நிற்கும் ஃபெர்ரிக் அயனி ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆறிலிருந்து எட்டுக்குப் போனால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு!

ஒற்றப்பாலம் பக்கம் செம்புறைக்கல் மண், புளிப்பானது. கேரளத்தில் கரிமண், அதாவது கரிசல் மண், இருப்பது பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், ஆலத்தூர் தாலுகாக்களில் மட்டும்தான். கொழிஞ்சாம்பாறை அந்தக் கரிமண்ணில் உட்கார்ந்திருக்கிறது. அந்த மண்ணின் பி.எச். 7 முதல் 8.5 வரை. கிணறு தோண்டினால் சுக்கான்கல் வருகிறதே, அதே சுண்ணாம்புதான். மாவட்டம் ஒன்று, மண் இரண்டு.

ரோஜாவும் சும்மா இருப்பதில்லை. இரும்புப் பசி எடுத்ததும் அதன் வேர் மூன்று வேலை செய்கிறது. முதலில் ஹைட்ரஜன் அயனிகளை வெளியே இறைத்துத் தன்னைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டருக்கு மண்ணைப் புளிக்க வைக்கும். அடுத்து, வேர்த்தோலில் இருக்கும் ஒரு நொதி கரைந்த ஃபெர்ரிக் அயனிக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து ஃபெர்ரஸ் என்ற இன்னொரு இரும்பு வடிவமாக மாற்றும். பிறகு அந்த ஃபெர்ரஸை உள்ளே விடும் ஒரு வாசல் திறக்கும். கண்ணும் இல்லை, கையும் இல்லை; இருட்டில் ஒரு ரசாயனக் கூடமே நடக்கிறது. முப்பது வருடமாக வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இதைப் படித்த அன்று தோட்டத்தில் போய்க் குந்திக்கொண்டு வெகுநேரம் வேரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வேலையைக் கெடுப்பது போர் தண்ணீர். வாளியின் உள்ளே வெள்ளையாகப் படிகிறதே, அந்தத் தண்ணீரில் பைகார்பனேட் ஏராளம். வேர் இறைக்கும் ஒவ்வொரு ஹைட்ரஜன் அயனியையும் அது பிடித்துத் தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடும். செடி புளிக்க வைக்க, நீங்கள் தினம் இரண்டு வேளை கழுவி விடுகிறீர்கள் அம்மணி. போதாததற்குக் கரிமண்ணில் தண்ணீர் வடியாது. நிற்கும் ஈரத்தில் கரியமில வாயு அடைபட்டுச் சுண்ணாம்பைக் கரைக்கும், பைகார்பனேட் இன்னும் ஏறும்.

அருகம்புல் எப்படிப் பிழைத்தது? புல் இனத்தின் வழியே வேறு. அது மண்ணைப் புளிக்க வைக்க மெனக்கெடுவதில்லை. நண்டுக் கொடுக்கு மாதிரி இரும்பைக் கவ்விக்கொள்ளும் ஒரு பொருளை வேரிலிருந்து கசியவிட்டு, இரும்போடு சேர்த்து அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஜப்பானில் சேயிச்சி தகாகி 1976-ல் நெல், ஓட்ஸ் வேர்களைக் கழுவிய நீரில் இதைக் கண்டார். இந்தக் கொடுக்கை பைகார்பனேட்டால் அவ்வளவாகக் கெடுக்க முடியாது.

இப்போது வைத்தியங்களுக்கு வருவோம். ஆணி என்பது துரு. மண்ணில் ஏற்கெனவே மலிந்து கிடக்கும் அதே பூட்டிய இரும்பு. முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்பு மண்ணில் மேலும் சுண்ணாம்பு. டிஏபியில் இருக்கும் மணிச்சத்து அதிகமானால் அதுவும் இரும்போடு சேர்ந்து படிந்துவிடும். மூன்றும் அக்கறையோடு செய்தவைதான். ஆணி உதவவில்லை, மற்ற இரண்டும் எதிர்ப்பக்கம் தள்ளின. முட்டை ஓட்டைப் பரிந்துரைக்கும் வீடியோக்களில் ஒருவர்கூட "உங்க மண் என்ன மண்?" என்று கேட்பதில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

சோதனை எளிது. காய்ந்த மண் ஒரு ஸ்பூன் எடுத்து வினிகர் விடுங்கள். சுர்ரென்று நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. சரியான எண் வேண்டுமென்றால் மண் பரிசோதனைக் கூடம்தான் போக வேண்டும். 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பி.எச்., இரும்பு உட்பட 12 விவரங்கள் உண்டு. ஆனால் அது வயலுக்கு. வாசல் தொட்டிக்கு யார் கேட்கிறார்கள்? நான் போன ஒரு கூடத்தில் பி.எச். மீட்டர் பழுது, அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள். பெரிய ஆராய்ச்சிக்குக் கோடிகள் ஒதுக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. தாலுகாவுக்கு ஒரு வேலை செய்யும் மீட்டருக்கும் அதில் கொஞ்சம் ஒதுக்கலாம்.

உடனடி மருந்து அன்னபேதி, அதாவது ஃபெர்ரஸ் சல்ஃபேட். லிட்டருக்கு 5 கிராம், கூடவே சிட்ரிக் அமிலம் 1 கிராம். சாயங்காலம் இலை மேல் தெளிக்க வேண்டும். கலந்த அன்றே தீர்த்துவிடுங்கள். சிட்ரிக் அமிலம் சேர்க்காமல் ஒரு டம்ளரில் கொஞ்சம் எடுத்து வைத்துப் பாருங்கள்: இளம்பச்சையாக இருந்தது நாள் போகப்போகக் கட்டன் சாயா நிறத்துக்கு மாறி, அடியில் செம்பொடி படியும். காற்று பட்டு ஃபெர்ரஸ் ஃபெர்ரிக்காகிறது. அன்னபேதியைச் சுண்ணாம்பு மண்ணில் கொட்டினால் இதே கதைதான், இன்னும் வேகமாக.

வேர் வழியாகத்தான் கொடுப்பேன் என்றால், அருகம்புல்லைப் போலவே இரும்பைக் கவ்வி வைத்திருக்கும் செயற்கைக் கொடுக்குகள் கடையில் உண்டு. கடைக்காரர் வழக்கமாக எடுத்துத் தருவது இ.டி.டி.ஏ. (EDTA) கலந்தது, அது பி.எச். 6.5-க்கு மேல் பிடியை விட்டுவிடும். இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்று பொட்டலத்தில் இருக்கிறதா பாருங்கள். பொடி கருஞ்சிவப்பாக இருக்கும், தண்ணீரில் போட்டால் ரத்தச் சிவப்பு. விலை அதிகம்தான், ஒரு செடிக்குச் சிட்டிகை போதும், பொட்டலத்தில் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம்.

நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால் செடியைப் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். சுண்ணாம்பில்லாத செம்மண்ணும் மக்கிய எருவும் சரிபாதி, அடியில் தண்ணீர் வடிய வழி. மண் போடுமுன் வினிகர் விட்டுப் பார்த்துவிடுங்கள். மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள். மேல்மண் ஓரங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். வெளுத்துப்போன பழைய இலை முழுதாகத் திரும்பாது, அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். அடுத்து வரும் துளிரைப் பாருங்கள்.

சேர்த்து வைத்திருக்கும் முட்டை ஓட்டை மட்டும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நன்றாகப் பொடித்து ஒற்றப்பாலத்துக்குக் கொடுத்தனுப்புங்கள். அக்காவின் புளிப்பு மண்ணுக்குத்தான் அது தேவை. அங்கே கடையில் காசு கொடுத்துக் கும்மாயம், அதாவது சுண்ணாம்பு, வாங்கிப் போடுகிறார்கள்.