பேதுரு காசு: ஒரு பென்னிதானே என்று இருந்துவிடாதீர்கள்

இடைக்கால இங்கிலாந்தில் போப்பாண்டவருக்காக வீட்டுக்கு ஒரு வெள்ளிப் பென்னி வசூலித்தார்கள். அதுதான் பேதுரு காசு. எந்த ராஜா நேர்ந்துகொண்டு தொடங்கினான் என்ற கதை, கட்டுகிறவனுக்கு எதற்கு? கடைசி நாள் ஆகஸ்ட் 1. அது போதும்.

யார் கட்ட வேண்டும் என்பதில்தான் முதல் வில்லங்கம். நார்மன் காலச் (1066இல் நார்மண்டிக்காரர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு) சட்டத் தொகுப்பின்படி, 30 பென்னி பெறுமான கால்நடை வைத்திருக்கும் சுதந்திரக் குடியானவர் கட்டியாக வேண்டும். அது பெரிய பண்ணைக்காரருக்கு என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். 10ஆம் நூற்றாண்டு லண்டன் விதிகளில் எருது 30 பென்னி, பசு 20, பன்றி 10, செம்மறி 5. அந்த விலைக்குக் கொட்டிலில் ஒற்றை எருது நின்றாலே போதும், உங்கள் பேர் கணக்கில் ஏறிவிடும்.

பண்ணையாரிடம் வேலை செய்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்: அவர் தன் பென்னியைக் கட்டிவிட்டால் அவருடைய குடிசைக்காரர், மாட்டுக்காரர், வேலையாட்கள் யாரும் தனியாகக் கட்ட வேண்டாம். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. வசூலுக்கு வருகிறவர் இதைத் தானாக எடுத்துச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள்.

கெடு தவறினால்? எட்கர் ராஜா (959–975) போட்ட சட்டத்தைப் பாருங்கள். அந்தப் பென்னியோடு இன்னும் 30 பென்னி சேர்த்து நீங்களே ரோமுக்குக் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். கட்டியதற்கு அங்கிருந்து சான்றும் வாங்கி வர வேண்டும். ஊர் திரும்பியதும் ராஜாவுக்கு 120 ஷில்லிங். வெசெக்ஸ் என்ற தென் இங்கிலாந்து ராஜ்யத்தின் கணக்கில் ஷில்லிங்குக்கு 5 பென்னி, ஆக 600 பென்னி. ஒரு பென்னி பாக்கிக்கு இருபது எருது! இரண்டாம் முறை மறுபடி ரோம், அபராதம் 200 ஷில்லிங். மூன்றாம் முறை சொத்து முழுக்கப் போச்சு.

பின்னால் வந்த கனூட் ராஜா (1016–1035) காலத்தில் பாக்கியையும் அந்த 30 பென்னியையும் ஆயரிடமே (பிஷப்பிடமே) கட்டலாம் என்றார்கள். சரி, அலைச்சல் குறைந்தது. ராஜாவின் 120 ஷில்லிங் மட்டும் அப்படியே நின்றது.

இத்தனை கெடுபிடியோடு வாங்கிய பணம் ரோமுக்காவது ஒழுங்காகப் போனதா என்றால், அதுவும் இல்லை. இங்கிலாந்து முழுவதற்கும் சேர்த்து சுமார் 300 மார்க் (ஒரு மார்க் என்பது 160 பென்னி) என்று தொகை ஒரு கட்டத்தில் உறைந்துவிட்டது. ஆயர்கள் அதை அனுப்பிவிட்டு ஆயிரம் மார்க்குக்கு மேல் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள் என்று போப்பாண்டவர் மூன்றாம் இன்னொசென்டே புகார் சொன்னார். 1534இல் எட்டாம் ஹென்றி நிறுத்தும்வரை, நடுவில் சில இடைவெளிகள் போக, இந்த வசூல் ஓடியது. அதனால் பென்னியைக் கையில் கொடுக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரைச் சாட்சிக்கு நிறுத்திக்கொள்ளுங்கள்.